பாம்புக்காது

பதினொரு வருடம் அந்தப் பெயர் என்னுடையது. பாம்புக்காது. யாரும் கூட்டம் போட்டுக் கொடுத்ததில்லை, வேலை பார்த்துச் சம்பாதித்தது. அதை என் கண்ணெதிரிலேயே எடுத்து என் ஓரகத்திக்குக் கொடுத்தார்கள். முதலில் அவளைச் 'சின்ன பாம்புக்காது' என்றார்கள். சின்னவள்தானே, போகட்டும் என்று விட்டேன். ஆறே மாதத்தில் 'சின்ன' உதிர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் வெறும் 'அக்கா' ஆனேன். மரியாதையாம். அந்த மரியாதையை வைத்து நான் என்ன செய்வது?

வயிறு எரிந்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை.

எங்கள் வேலையைச் சொன்னால்தான் என் எரிச்சல் புரியும். இங்கே ஒரு காலத்தில் கருமணல் ஆலை இருந்தது. மணலை அரைத்து, அமிலத்தில் ஊறவைத்து, வேண்டிய தாதுவை எடுத்துக்கொண்டு, வேண்டாததைப் பின்பக்கம் குழி வெட்டிக் கொட்டினார்கள். அந்த வேண்டாததில்தான் கதிர்வீச்சு. ஆலையை மூடிய பிறகு கட்டடங்களை இடித்து, குழிகளைத் தோண்டி, மண்ணை மூடுபோட்ட லாரிகளில் ஏற்றி அனுப்பினார்கள். மண் போன இடத்தில் எங்கள் வேலை ஆரம்பம். நிலத்தைப் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கட்டங்களாகக் கயிறு கட்டிப் பிரித்திருப்பார்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் ஆள். கையில் தடி, தடியின் நுனியில் மீட்டர், காதில் ஹெட்போன். தரைக்கு நாலு விரல் மேலே மீட்டரை வலமும் இடமும் வீசிக்கொண்டு அடிமேல் அடி வைத்து நடக்க வேண்டும்.

காதில் டிக், டிக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஒன்றுமில்லாத மண்ணுக்கும் ஒரு டிக் உண்டு. அது கொஞ்சம் நெருக்கமானால் நிற்க வேண்டும், கொடி நட வேண்டும். மூலைகளிலும் நடுவிலும் மண் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்தான். ஆனால் இடையில் கையளவு இடத்தில் பழைய கழிவு ஒளிந்திருந்தால் அதைப் பிடிப்பது காது. மீட்டரில் முள்ளும் இருக்கிறது. அந்த முள் சோம்பேறி. அது அசைவதற்குள் நாம் ஓரடி தாண்டியிருப்போம். முள்ளைப் பார்த்து நடப்பவர்களை நான் ஆள் கணக்கிலேயே சேர்த்ததில்லை.

எல்லாக் கட்டமும் சுத்தம் என்று கையெழுத்தாகிவிட்டால் வேலியைப் பிரித்துவிடுவார்கள். நிலத்துக்கு விடுதலை. வீடு கட்டலாம், கிணறு வெட்டலாம், யாரும் கேட்கமாட்டார்கள். உடை மாற்றும் கொட்டகையின் சுவரில் அதற்கான வரைபடம் ஒட்டியிருந்தது. நீலத்தில் வீடுகள், பச்சையில் பிள்ளைகள் விளையாடும் இடம், பச்சைக்கு நடுவில் குட்டியாக ஓர் ஊஞ்சல் படம். அந்தப் பச்சை முழுவதும் நான் நடந்த கட்டங்கள். சமதரை, மேடு பள்ளம் கிடையாது, அதனால் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஓரகத்தி என் கொழுந்தனின் மனைவி. என்னைவிட நாலு வயது இளையவள். தையல் கடை மூடியதும் வேலையில்லாமல் வீட்டில் இருந்தவளை மூன்று வருடத்துக்கு முன்னால் நான்தான் இங்கே சேர்த்துவிட்டேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். வந்த இரண்டாவது மாதத்தில், மூன்று பேர் நடந்து சுத்தம் என்று விட்ட வாய்க்கால் ஓரத்தில் ஒரு தீப்பெட்டி அளவுக் கழிவைக் கண்டுபிடித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என் உள்ளங்கை எரிந்தது எனக்குத்தான் தெரியும்.

வீட்டிலும் அதே கதை. கீழ்ப்பகுதி எங்களுக்கு, மாடி அவர்களுக்கு, மாமியார் இரண்டுக்கும் நடுவில். அவருக்கு எதற்கெடுத்தாலும் சின்னவள்தான். "சின்னவ கூப்பிட்ட குரலுக்கு ஓடி வர்றா. பெரியவளுக்குத் திமிரு, நாலு தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டா," என்று என் கணவரிடம் சொல்லியிருக்கிறார். நான் டிவி போட்டால் சத்தமாம். கூடத்துக்குள் நான் நுழைந்தால் பேச்சு தாழ்ந்துவிடும். இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருப்பார்கள். என்னைப் பற்றி இல்லாமல் வேறு எதைப் பற்றிக் குசுகுசுக்க வேண்டும்? ஒரு வருடமாக இதைப் பார்த்துப் பார்த்து எனக்குள் புகைந்துகொண்டிருந்தது.

வேலையிடத்தில் ஒருநாள் அவள், "அக்கா, ஹெட்போன் சத்தத்தைக் கொஞ்சம் குறைங்களேன், பக்கத்துக் கட்டம் வரைக்கும் கேக்குது," என்றாள்.

"உனக்குத்தான் பாம்புக்காதாச்சே, கேக்கத்தான் செய்யும்," என்றேன்.

அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இந்த இடம் முடியும் தறுவாயில் அடுத்த இடம் பற்றிய பேச்சு வந்தது. இதைவிட மூன்று மடங்கு பெரிய ஆலையாம். எங்கள் குழுவிலிருந்து ஒருவரை, மீட்டர் பிடித்து நடப்பவர்கள் எல்லோருக்கும் மேலே, தலைமை நடையாளாகப் போடுவார்கள். ஒரே ஒருவர். எல்லோர் வாயிலும் இரண்டு பெயர்கள்தான் இருந்தன, அக்கா, பாம்புக்காது. முடிவு பெட்டிக்காரர் கையில்.

பெட்டிக்காரர் எங்கள் மேற்பார்வையாளர். ஒரு பூட்டுப்போட்ட இரும்புப்பெட்டியோடு திரிவதால் அந்தப் பெயர். பெட்டிக்குள் பொத்தான்கள் இருக்கும். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியவை, உள்ளே துளியூண்டு கதிர்வீச்சுப் பொருள் வைத்து முத்திரையிட்டவை. கையில் எடுத்தால் ஒன்றும் ஆகாது, ஆனால் மீட்டருக்குத் தெரியும். யாருக்கும் சொல்லாமல் ஒரு கட்டத்தில் ஒரு பொத்தானை மண்ணுக்குள் புதைத்துவிடுவார். அங்கே நடக்கிறவர் கண்டுபிடித்துக் கொடி நட்டால் தேறினார். நடாமல் 'சுத்தம்' என்று கையெழுத்துப் போட்டால் தொலைந்தார். எல்லோருக்கும் வருடத்துக்கு இரண்டு தடவை இந்தச் சோதனை உண்டு. எனக்கு மட்டும் மூன்று வருடமாகக் கிடையாது. "உங்களை என்னம்மா சோதிக்கிறது," என்று சிரித்துவிட்டுப் போவார். அது எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்று சாப்பாட்டு இடைவேளை. நான் கொட்டகைக்கு வெளியே பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தேன். பெட்டிக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மதியம் ஓரகத்தி நடக்கவேண்டிய கட்டத்தில் குனிந்து எழுவதைப் பார்த்தேன். மண்ணைக் காலால் தட்டிச் சமன் செய்தார். என்னைப் பார்க்கவில்லை.

நான் யோசிக்கக்கூட இல்லை. அவர் தலை மறைந்ததும் போய்த் தோண்டி எடுத்துவிட்டேன். அவள் நடந்து கையெழுத்துப் போடும்வரை பொத்தான் வேலியோரக் கல்லுக்கு அடியில் இருக்கட்டும். அவள் கையெழுத்துப் போட்டதும் எடுத்த இடத்திலேயே புதைத்துவிடலாம். பெட்டிக்காரர் வந்து தோண்டுவார், பொத்தான் இருக்கும், கொடி இருக்காது. இவ்வளவுதான் திட்டம். இருபது வருடக் குடும்பத்தில் நான் இன்னொருத்தி பொருளைத் திருடியதில்லை. அன்று பொத்தானைத் தொடைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வேலியை நோக்கி நடந்தபோது பெட்டிக்காரரின் குரல். எதிரிலேயே வந்துவிட்டார்.

"சும்மாதானே இருக்கீங்கம்மா? அவங்க பக்கத்துக் கட்டத்தை நீங்க நடந்துடுங்க. ரெண்டு பேரும் சேர்ந்து நடந்தா இந்த வரிசை இன்னைக்கே முடிஞ்சிடும்."

"பூட்ஸ் ஈரமா இருக்கு சார்."

"காயும்மா நடக்க நடக்க."

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்குத் தொடையில் கனம். மீட்டரைக் கையில் எடுத்தால் அது பொத்தானைக் காட்டிக்கொடுத்துவிடும். கீழே போடலாமென்றால் அவர் என் கூடவே நடந்து வருகிறார். ஓரகத்தி ஏற்கெனவே தன் கட்டத்தில் கயிற்றோரம் நின்று ஹெட்போனை மாட்டிக்கொண்டிருந்தாள். நானும் மாட்டினேன். சத்தத்தைக் குறைத்துவிட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை, அவ்வளவு பதற்றம். பெட்டிக்காரர் கொட்டகைப் பக்கம் போனார், ஆனால் ஓரகத்தி பார்த்துக்கொண்டிருக்கும்போது பொத்தானை எங்கே போடுவது? பல்லைக் கடித்துக்கொண்டு மீட்டரை ஓடவிட்டேன். காது கிழியப்போகிறது என்று தோளை இறுக்கிக்கொண்டேன்.

ஒன்றுமே ஆகவில்லை.

வெறும் மண்ணுக்கு எப்போதும் கேட்கிற அதே இரைச்சல். ஓரடி வைத்தேன், வலப்பக்கம் வீசினேன். தடி தொடையோரம் வந்து போனது. அதே இரைச்சல். பொத்தான் வழியில் விழுந்துவிட்டது போலிருக்கிறது, நல்லதாகப் போயிற்று என்று உயிர் வந்தது. இன்னும் மூன்றடி நடந்தேன். சந்தேகத்துக்குப் பையைத் தொட்டுப் பார்த்தேன். பொத்தான் உள்ளேதான் இருந்தது.

அப்போது ஓரகத்தி கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் ஹெட்போனைக் கழற்றியிருந்தாள். வாய் அசைந்தது. நானும் கழற்றினேன்.

"என்ன?"

"அக்கா, உங்க மீட்டர் கத்துது. இங்கே வரைக்கும் கேக்குது. உங்களுக்குக் கேக்கலையா?"

இத்தனை வருடத்தில் முதல்முறையாக, நடையின் நடுவே, முள்ளைப் பார்த்தேன். அது வலது ஓரத்தில் போய்ச் சாய்ந்து கிடந்தது. ஹெட்போனை மறுபடி காதில் வைத்தேன். அதே இரைச்சல். ஹெட்போனை எடுத்துவிட்டேன். அப்போதும் அதே இரைச்சல். அது மீட்டரிலிருந்து வந்ததே இல்லை. என் காதுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

அவள் கயிற்றைத் தாண்டி வந்தாள். தன் மீட்டரை என் காலடியில் காட்டி, மெல்ல மேலே உயர்த்தி, என் தொடைப் பைக்கு நேரே நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள். திரும்பித் தன் கட்டத்தைப் பார்த்தாள். அங்கே கிளறியிருந்த மண்ணைப் பார்த்தாள். சொல்லி விளங்கவைக்க வேண்டிய ஆள் இல்லை அவள்.

திட்டுவாள் என்று நின்றேன். மயிரைப் பிடித்து இழுத்திருந்தாலும் ஒரு கணக்குத் தீர்ந்திருக்கும். அவள் என்ன செய்தாள் தெரியுமா? கையை நீட்டினாள்.

"கொடுங்க. இருந்த இடத்திலேயே வெச்சு நான் கொடி நட்டுடறேன். யாருக்கும் தெரிய வேணாம்."

கொடுத்தேன். வேறென்ன செய்வது? அவள் புதைத்தாள், நடந்தாள், கொடி நட்டாள். பெட்டிக்காரர் வந்து தோண்டிப் பார்த்து, "பாம்புக்காதுன்னா சும்மாவா," என்றார். அவர் பக்கத்தில் நின்றதால் அது எனக்கு நன்றாகவே கேட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் போய் நின்றேன். குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்குத் தெரியவில்லை.

"அத்தை, இந்தக் குழாய் எப்போலேருந்து சொட்டுது?"

"மூணு மாசமா டொக்கு டொக்குன்னு உசுரை வாங்குது. உன் காதுலயே விழலையா?"

கூடத்தில் மாமியாரும் ஓரகத்தியும் பேச உட்கார்ந்தார்கள். வழக்கம்போலக் குசுகுசு. இந்தத் தடவை நான் விலகிப் போகாமல் மாமியாரின் முகத்துக்கு நேரே போய் நின்றேன். அவர் குசுகுசுக்கவே இல்லை, வாயை நன்றாகத் திறந்து சாதாரணக் குரலில், மாடிக் கதவுக்கு எண்ணெய் விடவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். ஒரு வருடமாக நான் தூக்கத்தைத் தொலைத்துக் கட்டிக்காத்த வயிற்றெரிச்சலில் பாதி, கதவுக்கு எண்ணெய் விடுகிற பேச்சு. வெட்கமாக இருந்தது. கோபமும் குறையவில்லை, அதுதான் வேடிக்கை.

அப்போதுதான் கணக்குப் போட்டேன். டிவி சத்தம் என்று சண்டை வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. மண் அள்ளி முடிய முடிய வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ என்று வந்து, அதற்குள் நான் நடந்து கையெழுத்துப் போட்டவை அறுபத்துமூன்று கட்டங்கள். பச்சை முழுவதும் அதில் அடக்கம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அடுத்த வாரம் வேலி போய்விடும், யார் எந்தக் கட்டத்தை நடந்தார்கள் என்று எவரும் கேட்கப்போவதில்லை. ஓரகத்தி சொல்லமாட்டாள். அது எனக்குத் தெரியும். அவள் சொல்லமாட்டாள் என்பதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. காலமெல்லாம் அவள் தயவில் நான் நல்லவளாக உலவ வேண்டும். மாடிப்படியில் எதிர்ப்படும்போதெல்லாம் அவள் அந்தப் பரிதாபப் பார்வையைப் பார்ப்பாள். அந்த ஊஞ்சலில் ஒரு பிள்ளை ஆடுவதை நான் நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். நினைத்தேன். ஆனால் என்னைத் தள்ளிக்கொண்டு போனது முதலில் பொறாமைதான், பிள்ளை பிறகுதான் வந்தது.

காலையில் பெட்டிக்காரரின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"நேத்து அந்தப் பொத்தானை நான் எடுத்தேன் சார். அவளைக் கவுக்கறதுக்கு. என் பையில இருந்தும் எனக்குக் கேக்கலை. காது போயிடுச்சு. என் அறுபத்துமூணு கட்டத்தையும் திரும்ப நடக்கணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மண் முடிவெல்லாம் சரியா வந்திருக்கேம்மா. கட்டம் எல்லாம் சுத்தமாவே இருக்கலாம்."

"இருந்தா நல்லது. இல்லைன்னா?"

அவர் கண்ணாடியை மேசைமேல் வைத்தார். பிறகு, "உங்களை நான் சோதிச்சிருக்கணும்," என்றார். அவர் சொல்லும்போது முகத்தைத் தூக்கி, உதடு தெரியும்படி சொன்னார். அன்றிலிருந்தே எல்லோரும் என்னிடம் அப்படித்தான் பேச ஆரம்பித்தார்கள்.

விடுவிப்பு ஒரு மாதம் தள்ளிப்போனது. பொத்தானை எடுத்ததற்காக என் பெயருக்கு எதிரே சிவப்பில் எழுதினார்கள். மீட்டர் கையைவிட்டுப் போனது. என் கட்டங்களை மறுபடி நடக்கும் வேலை யாருக்கு என்று கேட்க வேண்டுமா? அவளுக்குத்தான். கொடிக்கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிற வேலை எனக்கு.

முதல் நாள் பன்னிரண்டு கட்டம். ஒரு கொடிகூட இல்லை. எனக்குள் ஒருத்தி, 'பாத்தியாடி, காது இல்லாமலே நான் சரியாத்தான் நடந்திருக்கேன்' என்று குதித்தாள். இரண்டாம் நாளும் ஒன்றுமில்லை. அவள் முதுகையே பார்த்துக்கொண்டு போனேன். நன்றாகத்தான் நடந்தாள். நான் நல்ல காலத்தில் நடந்ததைவிட மெதுவாக, சீராக. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் வரைபடத்தில் ஊஞ்சல் இருக்கும் கட்டம். பாதி தாண்டியதும் நின்றாள். ஓரடி பின்னால் வந்தாள். மறுபடி வீசினாள். திரும்பிப் பார்க்காமலே கொடிக்காகக் கையைப் பின்னால் நீட்டினாள்.

நான் கையில் கொடுக்கவில்லை. முன்னால் போய் நானே நட்டேன்.

அங்கே ஒரு சாண் ஆழத்தில், ஒரு கரண்டி அளவுக்குச் சாம்பலும் கறுப்புமான கட்டி கிடந்தது. அதன்மேல்தான் நான் வெயிலில் நிமிர்ந்து நடந்து போய், 'சுத்தம்' என்று என் பெயரை எழுதியிருக்கிறேன். தோண்டியவர்கள் அதைப் பையில் போட்டுக் கட்டி எடுத்துப் போகும்வரை அங்கேயே நின்றேன். அறுபத்துமூன்றும் முடிந்தபோது மொத்தம் நாலு கொடிகள். நாலையும் நானே நட்டேன்.

மருத்துவர், மெல்லிய கூர்மையான சத்தங்கள்தான் முதலில் போகும், பேச்சு கடைசியில்தான் போகும் என்றார். பேச்சும் கொஞ்சம் போயிருந்தது. தலைமை நடையாள் யார் என்று அறிவித்த அன்று எனக்கு எதுவும் கேட்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

விடுவிப்பு நாளன்று பெட்டிக்காரர் கையெழுத்துப் போட்டார். வேலிக் கம்பங்களைப் பிடுங்கி லாரியில் ஏற்றினார்கள். உள்ளே வெளியே என்று இருந்தது ஒரே தரையாகிவிட்டது. ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்து பார்த்தார். நானும் ஓரகத்தியும் ஊஞ்சல் வரப்போகும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தோம். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது என்றெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். அவள் காதில் ஒரு குட்டித் தோடு மினுங்கியது, அதைப் பார்த்தாலே இன்னும் எரிந்தது.

திடீரென்று அவள் லாரிப் பக்கம் திரும்பினாள். அவள் திரும்பியதைப் பார்த்துத்தான் நானும் திரும்பினேன். தூரத்தில் ஒருவன் வாயோரம் கையைக் குவித்துக்கொண்டு நின்றான். இன்னொரு தடவை வாயைத் திறந்து மூடினான்.

"என்ன சொல்றான்?"

அவள் தயங்கினாள். என் முகத்துக்கு நேரே திரும்பி, உதடு தெரியும்படி சொன்னாள். "பாம்புக்காதுன்னு கூப்பிடறாங்க. உங்களைத்தான்க்கா. போங்க."

பொய் சொல்லத் தெரியாத முகம் அவளுக்கு.

"கேட்டவதான் போகணும்," என்றேன். "நீ போ."